முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம், ஆஸ்பத்திரியில் மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறோம்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசனை. "என் கையை ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்று தங்கமணி முதலில் தடை போட்டாள். போன வாரம் அவளே "எழுதுங்க, ஆனா போட்டோ போடக்கூடாது" என்று பெர்மிஷன் கொடுத்தாள். அதனால் போட்டோ கிடையாது. கோபம் மட்டும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம். பிழைப்பு பேங்கில். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி.

டில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தில்லி ஹாட்டுக்கு எதிரே இருக்கிறது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, மட்டை அரிசி, நேந்திரம் சிப்ஸ் என்று இந்த ஊரில் வேறெங்கும் ஒரே இடத்தில் சிக்காத சமாசாரமெல்லாம் அங்கே சிக்கும். மலையாளிகள் கடைகள் வரிசையாக உண்டு. உள்ளே போனால் மீன் சந்து. எய்ம்ஸும் சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரம். அதனால் சாயங்காலமானால் மளிகைக் கடை க்யூவில் பாதிப் பேர் நர்ஸம்மாக்கள். இது பின்னால் கதைக்குத் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரம் வாங்கப் போனோம். மீன் சந்தில் ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். தங்கமணிக்குக் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். எழுப்பிப் பார்த்தால் மணிக்கட்டு கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருக்கிறது. மீன்காரர் தன் ஸ்டூலைக் காலி செய்து உட்கார வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

மறுநாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் "ஓ, அந்த ஆஸ்பத்திரியா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். தோள்பட்டைப் பக்கம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைத்து, தூங்கவும் மருந்து கொடுத்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். சர்ஜன் வெளியே வந்து எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு தங்கமணி எழுப்பினாள். "ஏங்க, எரியுதுங்க."

"ஆபரேஷன் பண்ணின கை வலிக்கத்தானே செய்யும்?"

"வலி இல்லங்க, எரியுது. கட்டுக்கு மேல. இங்க."

அவள் காட்டிய இடம் முழங்கைக்கு மேலே, புஜத்தின் பின்பக்கம். கட்டுப் போட்டிருப்பதோ முழங்கைக்குக் கீழே. டூட்டி நர்ஸைக் கூப்பிட்டேன். "தர்த் ஹை க்யா?" என்று கேட்டார். வலிக்கிறதா என்றால் இவள் என்ன சொல்வாள், "ஹாங்" என்றாள். வலி ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார். டிசம்பர் குளிர், முழுக்கை ஸ்வெட்டர். அதைத் தூக்கிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. காலையில் ஸ்வெட்டரைக் கழற்றினால், மூன்று இஞ்ச் நீளம், ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு நெருப்புச் சுட்ட மாதிரி தோல் உப்பி, கொப்புளம் கட்டி நிற்கிறது. கீழ் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்கோடு.

ஜூனியர் டாக்டர் வந்தார், பார்த்தார், ஒரே வார்த்தை சொன்னார். "அலர்ஜி."

இங்கே கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேங்கில் ஒரு தொகை எங்கே போவதென்று உடனே தெரியவில்லை என்றால், தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். ஆனால் அங்கேயே விட்டுவிட முடியாது. இத்தனை நாளாக இந்த என்ட்ரி ஏன் நிற்கிறது என்று இன்ஸ்பெக்‌ஷனில் வறுத்தெடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கிறது. அதன் பெயர் அலர்ஜி. அதில் ஒரு தடவை போட்டுவிட்டால் எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

நான் விடவில்லை. விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை ஒரே மருந்தைத்தான் பூசியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது முன்னங்கைத் தோல் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே அல்லவா முதலில் வர வேண்டும்? பட்டை கட்டிய இடத்தில் மட்டும், அதுவும் படுக்க வைத்தால் அடியில் வருகிற பின்பக்கம் மட்டும், அதுவும் நேர்கோட்டில் நின்றது ஏன்? அலர்ஜிக்கு ஸ்கேல் பிடித்துக் கோடு போடத் தெரியுமா? கேட்டேன். "சார், ஸ்கின் இஸ் டிஃபரென்ட் ஃபார் எவ்ரிபடி" என்றார்.

சரி, அந்தப் பட்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கையில் ஆபரேஷன் செய்யும்போது ரத்தம் வந்துகொண்டே இருந்தால் நரம்பு எது, தசைநார் எது என்று தெரியாது. அதனால் புஜத்தில் ஒரு காற்றுப் பட்டையைக் கட்டி, அழுத்தி, ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்துவார்கள். டூர்னிகெட் என்று பெயர். 1718-ல் ழான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு சர்ஜன் ஸ்க்ரூ வைத்து முறுக்குகிற கருவி செய்தார், பெயரும் அவர் வழி வந்தது. 1873-ல் எஸ்மார்க் என்ற ஜெர்மன் ராணுவ டாக்டர் ரப்பர் பட்டையைச் சுற்றினார். 1901-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்கர் இத்தாலி போனபோது அங்கே ரிவா ரோச்சி வைத்திருந்த பி.பி. பார்க்கும் பட்டையைப் பார்த்தார். 1904-ல் அதே யோசனையில் காற்று நிரப்பும் டூர்னிகெட் வந்தது. ஆக, பெரியவங்களுக்கு பி.பி. பார்க்கிற பட்டையும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் பி.பி. பட்டை அரை நிமிடத்தில் காற்றை விட்டுவிடும். இது ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், பிடித்த பிடியை விடாது.

எனக்கு நிஜக் காரணம் தெரிந்தது ஆஸ்பத்திரியில் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில்தான். இரண்டு வாரம் கழித்து அதே மளிகைக் கடை க்யூவில் நிற்கிறோம். முன்னால் நின்ற மலையாளி அம்மா தங்கமணியின் கட்டைப் பார்த்து "எந்து பற்றி மோளே?" என்று விசாரித்தார். தியேட்டரில் இருபது வருஷம் வேலை பார்த்தவராம். புஜத்துக் காயத்தைப் பற்றிச் சொல்லி, அலர்ஜி என்றார்கள் என்றேன். காதில் வாங்கியதும் சிரித்துவிட்டார்.

"அலர்ஜி ஒன்னும் அல்ல சாரே. ஈரம். பட்டைக்கு அடியில பஞ்சு நனைஞ்சு போயிருக்கும்."

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. ரசம் சாதம் பிசைந்து சாப்பிடும்போது கையைத் தூக்கினால் என்ன ஆகும்? ரசம் முழங்கை வரை வழியும். அதேதான். மருந்து பூசுவதற்காகக் கையை மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள். போவிடோன் அயோடினோ, ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினோ, தாராளமாகப் பூசுகிறார்கள். மிச்சம் வழிந்து புஜத்துக்கு வருகிறது. பட்டையின் ஓரத்தில் தடுப்பு இல்லையென்றால் உள்ளே போகிறது. தோலைக் காப்பாற்ற வைத்த பஞ்சே அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலே பட்டை இறுக்கமாக மூடியிருப்பதால் ஈரம் காய வழியில்லை. தோலுக்கு ரத்தமும் வரவில்லை. காய்ந்துபோனால் சாதுவாக இருக்கிற அதே மருந்து, ஈரமாக, அழுத்தத்தில், ஒரு மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்தால் சுட்டுவிடும். ரசாயனத் தீக்காயம் என்பது இதுதான். கை மரத்திருப்பதால் ஆளுக்குத் தெரியாது. மரப்பு விட்ட பிறகு நடுராத்திரியில்தான் "எரியுதுங்க" வரும். ஸ்பிரிட் கலந்த மருந்து என்றால் இன்னொரு அபாயமும் உண்டு. ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவியின் பொறி பட்டால் நிஜ நெருப்பே பிடிக்கலாம்.

தடுக்க என்ன செலவாகும்? இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தோல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பஞ்சு ரோலைச் சுருக்கமில்லாமல் சுற்ற வேண்டும், ஏனென்றால் ஒரு மடிப்பு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடி அதுவே காயமாகும். கையின் பருமனுக்கேற்ற பட்டை எடுக்க வேண்டும். கட்டிய பிறகு "கொஞ்சம் தள்ளி இருக்கே" என்று திருகக் கூடாது, தோல் உரசிப் பிய்யும், கழற்றித் திரும்பக் கட்ட வேண்டும். மருந்து பூசுவதற்கு முன்னால் பட்டையின் கீழ் ஓரத்தைச் சுற்றி, ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை ஒட்டி அடைக்க வேண்டும். அப்படியும் நனைந்துவிட்டால் பஞ்சை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் சார். ஒரு துண்டு பிளாஸ்டிக், இரண்டு மூன்று நிமிடம்.

"இது தெரியாதவங்க யாரும் தியேட்டர்ல இல்ல சாரே," என்றார் அந்த அம்மா. "அடுத்த கேஸ் ட்ராலியில வெளியே நிக்கும். சர்ஜன் கை கழுவிட்டு வந்து நிக்கும். நனைஞ்சிருக்கு, மாத்தணும்னு யாரு சொல்லும்?"

இதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். தெரியாமல் நடக்கிற தப்பு வேறு. தெரிந்தும் சொல்ல ஆளில்லாமல் நடக்கிற தப்பு வேறு. பேங்க் ஸ்ட்ராங் ரூமை ஒரே ஆள் திறக்க முடியாது, இரண்டு சாவி வேண்டும். ஒருத்தர் போட்ட என்ட்ரியை இன்னொருத்தர் பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். கேஷியர் திருடர் என்பதாலா? இல்லை. நல்ல கேஷியரும் மாசக் கடைசிக் கூட்டத்தில் தப்பு விடுவார் என்பதால்.

இனி அழுத்தம். பல இடங்களில் கை என்றால் 250 மில்லிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். எண்பது கிலோ பயில்வானுக்கும் 250, சருகு மாதிரித் தோல் இருக்கிற நம் வீட்டு ஆச்சிக்கும் 250. சரியான முறை வேறு. இந்த ஆளின் கையில் எந்த அழுத்தத்தில் நாடி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கள் சங்கத்தின் வழிகாட்டல்படி அந்த எண் 130-க்குள் இருந்தால் 40 கூட்டலாம், 190 வரை என்றால் 60, அதற்கு மேல் என்றால் 80. ஒருவருக்கு 120-ல் நாடி நின்றுவிட்டால் 160 போதும். 250 எதற்கு? மிச்சம் 90 யார் கணக்கில் பற்று? தோலின் கணக்கில். ரப்பர் பட்டையை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போடும் பழைய பழக்கமும் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அதில் எவ்வளவு அழுத்தம் என்று சுற்றியவருக்கே தெரியாது. நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நான் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். "டிஸ்சார்ஜ் சம்மரி போதும் சார், அது எதுக்கு?" என்றார்கள். 2002-ம் வருஷ மெடிக்கல் கவுன்சில் நெறிமுறை விதிகளில், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எழுத்தில் கேட்டு, சீல் வாங்கினேன். வந்தது. மயக்க மருந்து ஷீட்டில் டூர்னிகெட் என்று ஒரு வரி. ஆரம்பித்த நேரம் எழுதியிருக்கிறது. முடித்த நேரம், காலி. அழுத்தம், காலி. கட்டும் முன் தோல் எப்படி இருந்தது, கழற்றிய பின் எப்படி இருந்தது என்பதற்குக் கட்டமே இல்லை.

பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையுறை எத்தனை ஜோடி, பஞ்சு ரோல் எத்தனை, சிரிஞ்ச் எத்தனை என்று நாலு பக்கம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை! அந்தப் பஞ்சு ரோல் நனைந்ததா காய்ந்ததா என்று எழுத மட்டும் பேனாவில் மை இல்லை.

இதையெல்லாம் மயூர் விஹார் மாமியிடம் சொன்னேன். மாமி எங்களுக்கு டில்லி அம்மா மாதிரி. "எலும்பு நன்னா சேர்ந்துடுத்தோல்லியோ? விடுங்கோளேன். தோல்தானே, வளர்ந்துடும். டாக்டரைப் போய் கேள்வி கேட்டுண்டு!" என்றார். மாமியைக் குறை சொல்லவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வோம். நானும் மனைவி கையில் வராத வரைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் மாமி, எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்தது. அந்தத் தோல் முழுசாக மூட ஏழு வாரம் ஆயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங். காயம் உரசுகிறதென்று கையைத் தூக்க மாட்டேன் என்றாள், தோள் இறுகிப்போனது, அதற்கு பிசியோதெரபி தனி. இன்னும் கன்னங்கரேல் என்று பட்டையாக அடையாளம் இருக்கிறது. ஸ்லீவ்லெஸ் என்ன, அரைக்கை ரவிக்கைகூட இப்போது முழங்கை வரை தைக்கச் சொல்கிறாள். இவளுக்கு வயது நாற்பத்திரண்டு, சர்க்கரை கிடையாது. எழுபது வயதில், சர்க்கரையோடு, ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் காயம் "தோல்தானே" என்று நிற்காது.

இன்னொன்று, நம் நிறத்துக்கான சங்கதி. தோல் சிவக்கிறதா பார் என்று பாடப் புத்தகம் சொல்லும். நம்மில் பலருக்கு மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் நிறம். சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, பளபளப்பாக உப்புகிறதா என்று. கழற்றும்போதே பட்டையோடு பஞ்சையும் சேர்த்து எடுத்துவிட்டு சுற்றிலும் பார்க்க வேண்டும், முக்கியமாக அடிப்பக்கம்.

வெளியூர்க்காரர்களான நமக்கு இதில் கூடுதல் சிக்கல் பாஷை. ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்து இங்கே ஆபரேஷன் செய்கிறோம். அவங்களுக்கு ஹிந்தி சுத்தம். நாம் ஆபீஸ் போய்விடுவோம். நர்ஸ் "தர்த்?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். வலி வேறு, எரிச்சல் வேறு. எரிச்சலுக்கு ஹிந்தியில் "ஜலன்". இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு ராத்திரி நான் சொல்லியிருந்தால் அந்த நர்ஸ் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்திருப்பாரோ என்று இன்னும் உறுத்துகிறது. பதினாறு வருஷமாக டில்லியில் இருக்கிறேன், கஸ்டமரோடு ஹிந்தியில் சண்டையே போடுவேன், அந்த நேரத்தில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

வேலூரில் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். தொழுநோயாளிகளின் கைவிரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப் பட்டுச் சிதைகின்றன என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அவர் வேலை செய்தது நம்ம வேலூர் சி.எம்.சி.யில். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனித் துறையை வளர்த்தவர் வெங்கடசுவாமி. கை அறுவைச் சிகிச்சையில் தமிழ்நாடு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர். ஊசி போட்டு மரத்துப்போன கையும் சில மணி நேரத்துக்கு அந்த வலி தெரியாத கைதானே? சுடுகிறது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக யாராவது பார்க்க வேண்டும்.

"இந்தியாவில் இதெல்லாம் நடக்குமா சார்?" என்று கேட்பவர்களுக்கு. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு 19 வரிச் செக்லிஸ்ட் ஒன்று கொண்டு வந்தது. எட்டு ஊர்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். அதில் ஒன்று இதே டில்லி, தீஸ் ஹஜாரி செயின்ட் ஸ்டீபன்ஸ். 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. எட்டையும் சேர்த்து, சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆக. புது மருந்து இல்லை, மெஷின் இல்லை. ஒரு தாள், வாய் திறந்து படிக்க ஒரு ஆள். அந்த 19 வரியில் டூர்னிகெட் இல்லை என்று வாதாடுபவர்களுக்கு, அதே தாளின் அடியில் உங்கள் ஊருக்கேற்ப கூட்டிக்கொள்ளுங்கள் என்றும் அச்சடித்திருக்கிறது. இங்கிலாந்தில் விரல் ஆபரேஷனுக்குக் கட்டிய ரப்பரைக் கழற்ற மறந்து கட்டுப் போட்டு அனுப்பிய சம்பவங்கள் வந்ததும், 2009 டிசம்பரில் நாடு முழுக்க எச்சரிக்கை விட்டார்கள்: கையுறை விரலை வெட்டிக் கட்டாதே, கண்ணில் படுகிற நிறத்தில் இருப்பதைக் கட்டு என்று. 2021-ல் அங்கே எலும்பு டாக்டர்கள் சங்கமே டூர்னிகெட்டுக்கென்று தனி வழிகாட்டல் போட்டது. அங்கேயும் தப்பு நடக்கிறது. ஆனால் நடந்தது எழுத்தில் நிற்கிறது.

ஒரு தப்பர்த்தம் வேண்டாம். பட்டையே கட்டாதே என்று ஆபரேஷன் டேபிளில் சண்டை போடச் சொல்லவில்லை. அது இல்லாமல் தங்கமணியின் மணிக்கட்டை இவ்வளவு நேராக வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், மஞ்சளும் டூத்பேஸ்ட்டும் பூசாதீர்கள், அங்கேயே டாக்டரிடம் காட்டிக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்ன "அலர்ஜி"க்கு மதிப்பில்லை. எழுதச் சொன்னவுடன் எங்கள் ஜூனியர் டாக்டர் "சீனியரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர்தான்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாம் என்ன செய்கிறோம்? முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று யாராவது பயந்தது உண்டா? அதே நாம் ஆஸ்பத்திரி கன்சென்ட் ஃபாரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். லோன் பேப்பரில் என் எதிரே உட்கார்ந்து வட்டிக்கு வட்டி கேள்வி கேட்கிற கஸ்டமர்களை நினைத்துப் பார்க்கிறேன். நானும் அன்றைக்கு ஏழு இடத்தில் படிக்காமல் போட்டேன். பேங்க் ஆபீசர்!

போன மாதம் மாமியிடமிருந்து போன். மாமாவுக்கு உள்ளங்கை நரம்பு நெருக்கம், கார்பல் டனல், ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்க ஏதோ பட்டை, பஞ்சுன்னு சொன்னேளே, அதைக் கொஞ்சம் வாட்ஸப்புல எழுதி அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன். பட்டை கட்டுவீர்களா, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்? மருந்து உள்ளே போகாமல் ஓரத்தை அடைப்பீர்களா? கழற்றியதும் தோலைப் பார்த்து எழுதுவீர்களா? மாமாவுக்கு பிளாஸ்திரி ஒட்டினால் தடிக்கும், அதையும் சொல்லுங்கள் என்று சேர்த்தேன்.

ரெண்டு நாளில் பதில். "கேட்டோம். டாக்டர் கோச்சுக்கவே இல்லை. இதுக்குப் பட்டையே கட்டப்போறதில்லையாம். ஊசிதானாம்." கனடாவில் டொனால்ட் லலோண்ட் என்ற டாக்டர் பரப்பிய முறை அது. மரத்துப்போகும் மருந்தோடு அட்ரினலினையும் சேர்த்துப் போட்டால் அந்த இடத்தில் ரத்தக்குழாய் தானே சுருங்கிக்கொள்ளும். ஆள் முழித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கலாம். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் கறுத்துவிடும் என்று ரொம்ப காலம் பயந்தார்கள். 2005-ல் 3110 பேரைக் கணக்கெடுத்ததில் ஒருவருக்கும் விரல் போகவில்லை. எல்லா ஆபரேஷனுக்கும் இது சரிவராது. மாமாவுக்குச் சரிவந்தது. ஆபரேஷன் முழுக்க டாக்டரிடம் கும்பகோணம் டிகிரி காபி பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய கடிதத்தில் நஷ்டஈடு கேட்கவில்லை. மயக்க மருந்து ஷீட்டில் நாலு கட்டம் சேருங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்: கட்டும் முன் தோல், அழுத்தம், கட்டிய நேரமும் கழற்றிய நேரமும், கழற்றிய பின் தோல். கட்டத்தை நானே எக்செல்லில் போட்டு இணைத்தும் இருக்கிறேன். ரிஜிஸ்டர்ட் போஸ்ட், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வந்துவிட்டது. இன்றோடு நாற்பத்தோரு நாள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.